ஏ.டி.எம். பெட்டியும் அதன் பழைய இயங்குதளமும்

கைப்பேசி அவ்வேலையை ஏற்றுக்கொள்ளும் முன்னர், தாராவியிலோ கரோல்பாக்கிலோ வாழ்ந்த நம்மவர், சம்பளம் வந்துவிட்டதா என்று முதலில் வினவியது தெருமுனை ஏ.டி.எம். பெட்டியைத்தான். அதனுள்ளே இருப்பது ஒரு சாதாரணக் கணினியே என்பதைப் பலர் அறியார். அக்கணினியை நடத்தும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர்.

இந்தியாவில் இப்பெட்டி முதலில் வந்தது 1987-ஆம் ஆண்டு, பம்பாயில். பின்னர் உலகெங்கும் பாங்கிகள் பலவும் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்/2 என்னும் இயங்குதளத்தையே இப்பெட்டிகளில் அமர்த்தின. வீட்டுக் கணினிகளில் தோற்றுப்போன அது, ஏ.டி.எம். அறைகளில் நெடுங்காலம் அரசு செலுத்திற்று. 2006-ஆம் ஆண்டின் முடிவில் ஐ.பி.எம். அதனைக் கைவிட்டது. அவ்விடத்திற்கு வந்தது, 2001-இல் வெளியான மைக்ரோசாப்டின் விண்டோஸ் எக்ஸ்.பி. அதற்கும் 2014 ஏப்ரல் 8 அன்று தவணை முடிந்தது. புதிதாகக் காணப்படும் ஓட்டைகளுக்குத் திருத்தம் வழங்கும் வழக்கம் அன்றோடு நின்றது.

ஆயினும் நம் நாட்டுப் பெட்டிகளுள் பல எக்ஸ்.பி.யை விடவில்லை. இதனைச் சோம்பல் என்று சொல்லிவிடலாம். அது முழு உண்மை அன்று. நோட்டை எண்ணித் தள்ளும் உறுப்பு, அட்டையைப் படிக்கும் உறுப்பு, ரசீது அச்சிடும் உறுப்பு ஆகியவற்றை ஏவும் நிரல்கள் பழைய தளத்துக்கென எழுதப்பட்டவை. தளம் மாறினால் அனைத்தையும் மறுபடி சோதித்தாக வேண்டும். சில பெட்டிகளின் கணினியோ புதிய தளத்தைத் தாங்கவே தாங்காது. பணம் பாங்கியுடையது, பெட்டி ஒப்பந்தக்காரருடையது என்ற ஏற்பாடும் உண்டு. அங்கே செலவு யாரைச் சாரும்? இத்தனைக்கும் மேலாக, பெட்டி நோட்டைத் தந்துகொண்டேயிருந்தது. ஓடுகிற வண்டியை நிறுத்திச் சக்கரம் மாற்ற யாருக்கு மனம் வரும்?

2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிற்று. தான் கைவிட்ட எக்ஸ்.பி.க்கே மைக்ரோசாப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. அதற்கு முந்தைய மாதமே பாங்கிகளை எச்சரித்திருந்த ரிசர்வ் பாங்க், 2018 ஜூன் 21 அன்று கண்டிப்பான ஆணை பிறப்பித்தது. திருடன் விரலளவு கருவியொன்றைச் செருகாதபடி யு.எஸ்.பி. துளைகளை ஆகஸ்டுக்குள் முடக்க வேண்டும். செப்டம்பருக்குள் காற்பங்குப் பெட்டிகளும், டிசம்பருக்குள் பாதியும், 2019 மார்ச்சுக்குள் முக்காற்பங்கும், ஜூனுக்குள் எல்லாமும் ஆதரவுள்ள தளத்துக்கு மாறவேண்டும்.

அந்த ஆணைப்படி விண்டோஸ் 7-க்கு மாறிய பெட்டிகளின் கதைதான் வேடிக்கை. அத்தளத்தின் தவணை 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. கடைசிக் கெடுவுக்கும் அதற்கும் இடையே இருந்தவை ஏழு மாதங்கள்கூட இல்லை.