குடிமீட்புத் துணைக்குழு

குடிநோயிலிருந்து மீள விரும்புவோர் தவறாமல் ஒன்றுகூடி, தம் அனுபவத்தைப் பேசி, ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் அமைப்பு. இவற்றுள் பரவலாக அறியப்பட்டது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.). 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் ஆகிய இரு குடிநோயாளிகளின் சந்திப்பில் பிறந்தது. கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் விருப்பமே தகுதி. அங்கே பேசுவது வெளியே போகாது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில் இந்த உறுதி பெரிய துணை. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்னும் தனிக் குழு உண்டு.

தமிழ்நாட்டில் குடிநோய்ச் சிகிச்சைக்கு முன்னோடி, சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை. நகரத்து மருத்துவமனைக்கு வர இயலாதவர்களுக்காக, 1989 முதல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் சிகிச்சை முகாம்களை அது நடத்தியது. ஊரார் கைகொடுத்தால் கிராமத்திலேயே மீட்பு நடக்கும் என்று காட்டிய முயற்சி இது.

தென்காசி மாவட்டத்துக் கரிவலம்வந்தநல்லூர் போன்ற ஊரில் இருப்பவர் சிகிச்சைக்கும் குழுவுக்கும் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவர், பிறகே குழு. மறுபடி குடித்துவிட்டவரையும் குழு விலக்குவதில்லை.