லீலா சந்தோஷ்

லீலா சந்தோஷ், கேரளத்தின் முதல் பழங்குடிப் பெண் இயக்குநராக அறியப்படுபவர். வயநாட்டின் பணியர் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் எடுத்த படங்கள் மிகக் குறைவு. ஆனாலும் கேரள சினிமா வரலாற்றில் அவருக்குத் தனி இடம் உண்டு. கேமராவுக்கு முன்னால் மட்டுமே நிறுத்தப்பட்டுவந்த ஒரு சமூகத்திலிருந்து கேமராவின் பின்னால் போய் நின்றவர் அவர்.

பணி செய்பவர் என்பதே பணியர் என்ற பெயரின் பொருள். கேரளப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் இவர்களே முதலிடம். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 88,000 பேர். நீலகிரியின் கூடலூர், பந்தலூர்ப் பக்கமும் வாழ்கிறார்கள். சுருட்டை முடியையும் கருநிறத்தையும் பார்த்த வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள், இவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்றே நம்பியதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தம் நூலில் குறித்துவைத்திருக்கிறார். ஆதாரமில்லாத கதை. ஆனால் இவர்களைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி இந்த மாதிரி அடுத்தவர் சொன்னதுதான். மானந்தவாடி அருகே வள்ளியூர்க்காவுத் திருவிழாவில், ஜன்மிகள் என்ற நிலவுடைமையாளர்கள் இவர்களை ஓராண்டு வேலைக்குப் பேசிப் பிடித்துக்கொண்டு போகும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது.

நடவுக் காலத்தில் பணியரிடம் 'கம்பளநாட்டி' என்று ஒன்று உண்டு. பெண்கள் வயலில் வரிசையாகக் குனிந்து நாற்று நடுவார்கள். ஆண்கள் துடியும் குழலுமாக நிற்பார்கள். அடி வேகமெடுக்கும்போது நடவும் வேகமெடுக்கும். பார்க்கிறவர்களுக்கு அது திருவிழா. வயலுக்குச் சொந்தக்காரருக்கோ, சீக்கிரம் வேலை முடிய அதைவிட மலிவான வழி கிடையாது. (துடி என்ற பெயர் நம் சங்கப் பாடல்களிலும் வருகிறது.)

லீலா படித்தது நடவயலில் இருந்த 'கனவு' என்ற மாற்றுப் பள்ளியில். எழுத்தாளர் கே. ஜே. பேபி 1994இல் பழங்குடிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது அது. 'நாடுகத்திகா' நாடகமும், கேரள சாகித்ய அகாதமி விருது பெற்ற 'மாவேலிமன்றம்' நாவலும் எழுதியவர் பேபி; 2024இல் மறைந்தார். மற்றப் பள்ளிகளில் தங்கள் மொழியைப் பேசக் கூசிய பிள்ளைகள் இங்கே பாட்டு, களரி, நாடகம் என்று வளர்ந்தார்கள். பேபி 'குட' என்ற படத்தை எடுத்தபோது லீலா அதில் உதவியாளராக வேலை பார்த்தார். திரைப்படக் கல்லூரி வாசலை மிதிக்காத ஒருவருக்கு அதுவே பயிற்சிக்களம்.

அவருடைய ஆவணப்படம் 'நிழலுகள் நஷ்டப்பெடுந்ந கோத்ரபூமி' 2014இல் முடிந்தது. நிழல்களை இழந்துகொண்டிருக்கும் இனக்குழு நிலம் என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நிலமும் சடங்கும் கைநழுவிப்போகும் பணியர் வாழ்க்கையை உள்ளிருந்தே ஒருவர் காட்டியதுதான் இதன் புதுமை.

இந்தப் புதுமை வர ஏன் இவ்வளவு தாமதம்? மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' நாயகி பி. கே. ரோசி தலித் பெண். நாயர் பெண்ணாகத் திரையில் தோன்றியதற்காக அடித்துவிரட்டப்பட்டு, நாகர்கோவில் பக்கம் வந்து பெயர் மாறி வாழ்ந்து முடித்தார். மலையாளத்தில் ஒரு பெண் இயக்கிய முதல் படம் விஜயநிர்மலாவின் 'கவிதா' (1973). மலைப்பகுதிகள் பின்னணிக் காட்சியாக மட்டும் தாராளமாகப் பயன்பட்டன. பாலக்காட்டு எல்லையில் உள்ள அட்டப்பாடியையே எடுத்துக்கொள்வோம். 'அய்யப்பனும் கோஷியும்' (2020) படத்தில் இருளர் மொழியில் பாடிய நஞ்சியம்மாவுக்குத் தேசிய விருது வந்தது. இருளர் மொழியிலேயே, பழங்குடிகளே நடித்து 'தபாரிக்குருவி' வந்தது. நல்ல முயற்சிகள்தாம், ஆனால் இரண்டிலும் இயக்குநர் நாற்காலியில் இருந்தவர்கள் வெளியார்.

2018இல் லீலாவின் முதல் கதைப்படம் 'கரிந்தண்டன்' அறிவிக்கப்பட்டது. ராஜீவ் ரவி முதலானோரின் 'கலெக்டிவ் பேஸ் ஒன்' தயாரிப்பு, நாயகன் விநாயகன். தமிழர்களுக்கு அவர் 'ஜெயிலர்' வில்லன். மலையாளிகளுக்கு 'கம்மட்டிப்பாடம்' படத்துக்காக மாநில விருது வாங்கிய நடிகர். கரிந்தண்டன் பணியர் வாய்வழிக் கதையின் நாயகன். வயநாட்டுக்கு ஏறும் தாமரைச்சேரிக் கணவாயில் ஆங்கிலேயப் பொறியாளருக்கு மலையேறும் தடத்தைக் காட்டிக்கொடுத்தவன். பெயர் தனக்கே வரட்டும் என்று அந்தப் பொறியாளரே அவனைக் கொன்றுவிட்டார் என்பது கதை. செத்தவன் ஆவியாக வழிப்போக்கரைத் தொல்லைப்படுத்த, மந்திரவாதி ஒருவர் அவனைச் சங்கிலியால் மரத்தில் கட்டினாராம். ஒன்பது கொண்டையூசி வளைவுகளையும் ஏறி லக்கிடிக்கு வந்தால், அந்த மரத்தையும் அதில் தொங்கும் இரும்புச் சங்கிலியையும் இன்றும் பார்க்கலாம். பேருந்தில் போகிறவர்கள் கைகூப்புவார்கள்.

அறிவிப்பு வந்து ஐந்தாண்டுக்கு மேலாகியும் படம் திரையரங்குக்கு வரவில்லை. இதில் லீலா தனியாள் அல்லர். அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவர் இயக்கி, அங்கே பரவலாகத் திரையிடப்பட்ட முதல் கதைப்படம் ஜூலி டேஷின் 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்'. கடலோரத் தீவுகளில் வாழும் கல்லா மக்களைப் பற்றி 1970களில் மனத்தில் விழுந்த அந்தக் கதை 1991இல்தான் திரைக்கு வந்தது. கேரளத்தில் இப்போது பெண் இயக்குநர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் ஒரு படத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை தருகிறது. லீலா ஆவணப்படம் எடுத்த நாட்களில் அந்தத் திட்டமும் கிடையாது.