பெர்க்கிலி நகரத்துப் பிள்ளைகள்

முப்பது வயதுக்குள் மனிதனுடைய சுபாவம் சுண்ணாம்புச் சாந்தைப்போல் இறுகிவிடுகிறது, அதன் பின்னர் இளகுவதில்லை என்று அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் எழுதினார். அனுபவசாலியின் அபிப்பிராயம் என்ற அளவில் அது மதிக்கத்தக்கதே. ஆனால் ஒரே மனிதரை இளமையிலும் நடுவயதிலும் ஒரே அளவுகோலால் அளந்து பார்த்தாலொழிய நிரூபணம் ஆகாத விஷயம் அது.

அந்த அளவுகோல் பிற்காலத்தில் கலிபோர்னியாவில் கிடைத்தது பெரும்பாலும் தற்செயலாகவே என்று சொல்ல வேண்டும். ராக்பெல்லர் குடும்பத்து அறநிதி ஒன்றின் ஆதரவில், 1927-ல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட குழந்தை நல ஆராய்ச்சி நிலையத்தின் நோக்கம், அதன் பெயர் காட்டுகிறபடியே, குழந்தைகளோடு நின்றது. 1928 ஜனவரி முதல் பதினெட்டு மாதங்களில் அந்நகரில் பிறந்த குழந்தைகளுள் மூன்றில் ஒன்றாகத் தெரிந்தெடுத்து, 248 பேரைக் கொண்டு ஜீன் மாக்ஃபர்லேன் அம்மையார் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அண்டை நகராகிய ஓக்லந்தில், ஹரால்ட் ஜோன்ஸும் அவர் மனைவி மேரி கவர் ஜோன்ஸும் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை 1930-களின் தொடக்கத்திலிருந்து கவனித்து வந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து, யுத்தத்துக்குப் போய், மணம் புரிந்து, தாமே பெற்றோரான பின்னும் கோப்புகளை மூடிவிட நிலையத்தாருக்கு மனம் வரவில்லை. விஞ்ஞானத்தில் பிடிவாதமும் ஒரு முறையியல்தான் போலும்!

முப்பது வயதை எட்டியவர்களை மறுபடியும் சந்தித்தபோது மாக்ஃபர்லேன் குழுவினர் திடுக்கிட்டனர். வீட்டுக் கலகமும் வறுமையும் பள்ளித் தோல்வியும் சூழ்ந்த பிள்ளைகள் பிற்காலத்தில் சிதைந்துபோவார்கள் என்று அவர்கள் முன்னர் கணித்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுள் பலரோ நிதானமும் பொறுப்பும் உள்ள குடும்பஸ்தர்களாக வந்து எதிரே உட்கார்ந்தார்கள். புகழும் அழகும் விளையாட்டுத் திறனும் பெற்றுப் பள்ளியில் மின்னிய சிலர் மங்கிப்போயிருந்தார்கள். தம் கணிப்புப் பொய்த்ததை 1964-ல் அம்மையார் ஒளிக்காமல் அச்சிட்டது, அந்த ஆராய்ச்சியின் முடிவுகளைவிடவும் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

பரந்து கிடந்த குறிப்புகளையெல்லாம் ஒப்பிடத்தக்கதாக ஆக்கியவர் ஜாக் பிளாக். நூறு சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு குணத்தைச் சொல்லும் ஒரு வாக்கியம். ஒருவருடைய கோப்பு முழுவதையும் படித்து முடித்த மனோதத்துவ நிபுணர், அந்தச் சீட்டுகளை ஒன்பது அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும்: மிகவும் பொருந்துவன ஐந்து, சற்றும் பொருந்தாதன ஐந்து, நடு அடுக்கில் பதினெட்டு என்று கணக்கு முன்பே தீர்மானமாகியிருக்கும். ஒரு சீட்டு உயர வேண்டுமானால் வேறொன்று இறங்கியே தீர வேண்டும். நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிப் பழகிய கைகளுக்கு இது கசப்பான விதிதான். மேலும், பள்ளிப் பருவத்துக் கோப்பைப் படித்தவரிடம் அதே மனிதரின் நடுவயதுக் கோப்பு கொடுக்கப்படவில்லை. சுமார் 170 பேரை இவ்விதம் பரிசீலித்து 1971-ல் பிளாக் வெளியிட்ட நூல், சராசரியில் சுபாவம் கணிசமாக நிலைத்திருக்கிறது என்றது; ஆனால் அந்தச் சராசரிக்குள்ளே, சிறிதும் மாறாதவரும், அடையாளம் தெரியாதபடி மாறியவரும் அருகருகே இருந்தார்கள் என்றும் காட்டியது.

மாற்றத்தின் காரணத்தைக் காலத்திலே தேடியவர் கிளென் எல்டர். பெரும் பொருளாதார மந்தம் கவிந்த 1929-க்கும் 1933-க்கும் இடையே வருமானத்தில் 35 சதவீதத்துக்கு மேல் இழந்த ஓக்லந்துக் குடும்பங்களை அவர் தனியே பிரித்தார். பையன்கள் கூலி வேலைக்கும் பெண்கள் வீட்டு வேலைக்கும் இறங்கிய அவ்வீடுகளில் வளர்ந்தோர் பெரும்பாலும் தேறி நின்றதை 1974-ல் எழுதினார். எட்டு ஆண்டு இளைய பெர்க்கிலிப் பையன்களை அதே மந்தகாலம் பச்சிளம் பருவத்திலேயே பிடித்ததால், அவர்களுக்கு அடி பலமாக விழுந்ததைப் பிற்பாடு கண்டார்.

பிள்ளைகள் முதியோரான காலத்தில், 1993-ல், ஜான் கிளாசன் வேறொரு திசையிலிருந்து வந்தார். பள்ளியின் கடைசி ஆண்டுகளிலேயே தன்னம்பிக்கையும் அறிவு நாட்டமும் சொன்ன சொல் தவறாமையும் சேர்ந்து அமைந்தவர்களுக்கு உத்தியோகமும் தாம்பத்தியமும் நிலையாக நடந்தன, அவர்கள் சுபாவமும் குறைவாகவே மாறியது என்றார். மாக்ஃபர்லேனின் கணிப்பைப் பொய்யாக்கிய அதே பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு இவர் இவ்வாறு சொன்னது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் அம்மையார் குழுவினர் பிள்ளையைச் சூழ்ந்திருந்த கஷ்டங்களை எடை போட்டார்கள். கிளாசன் எண்ணியதோ பிளாக்கின் சீட்டுகளில் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பதிவாகியிருந்த குணங்களை.