அச்சூத் கன்யா: கதையும் பாட்டும்

1936இல் பாம்பே டாக்கீஸ் தயாரித்த 'அச்சூத் கன்யா'வைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தவறாமல் சொல்வார்கள். தீண்டாமையைத் துணிந்து எடுத்துக்கொண்ட படம் என்பது ஒன்று. தேவிகா ராணியும் அசோக் குமாரும் மரக்கிளையில் அமர்ந்து பாடும் காட்டுப் பறவைப் பாட்டு மற்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பவை என்று எனக்குத் தோன்றுகிறது.

நிரஞ்சன் பாலின் கதை ஒரு ரயில்வே கேட்டைச் சுற்றியே நடக்கிறது. கேட் கீப்பர் துக்கியா தீண்டத்தகாதவன். பாம்பு கடித்த பிராமணக் கடைக்காரர் மோகனின் உடலிலிருந்து விஷத்தை உறிஞ்சி எடுத்துக் காப்பாற்றுகிறான். அந்த நட்பில் அவன் மகள் கஸ்தூரியும் மோகனின் மகன் பிரதாப்பும் சேர்ந்து வளர்கிறார்கள். நோயுற்ற துக்கியாவை மோகன் தன் வீட்டில் வைத்துக்கொண்டதும் ஊர் திரண்டு வந்து வீட்டைக் கொளுத்துகிறது. அடிபட்ட மோகனுக்கு வைத்தியர் வேண்டும் என்று துக்கியா ரயிலை நிறுத்துகிறான்; வேலை போகிறது. கடைசியில், தண்டவாளத்தில் தன் கணவனும் பிரதாப்பும் கட்டிப் புரள, வரும் ரயிலை நிறுத்த ஓடிய கஸ்தூரி அதில் அடிபட்டுச் சாகிறாள்.

தகப்பன் ரயிலை நிறுத்தியது பிராமணருக்காக. மகள் நிறுத்த ஓடியது அவர் மகனையும் காக்கத்தான். கொடுப்பது எப்போதும் ஒரு பக்கம், பெறுவது மறுபக்கம். செத்த பிறகு கஸ்தூரிக்கு நினைவுச் சின்னம் கிடைக்கிறது; படம் ஆரம்பிப்பதே அதன் எதிரில்தான். உயிரோடு இருந்தவரை மோகன் வீட்டு மருமகளாக முடியாதவள், செத்ததும் வணங்கத் தக்கவளாகிறாள்.

1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த படம் இது. உயர்சாதி மனம் இளக வேண்டும் என்பதுதான் இதன் வேண்டுகோள். அதே 1936இல் அம்பேத்கர், லாகூரில் பேச முடியாமற்போன உரையைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். சாதியையே ஒழிக்க வேண்டும் என்றது அது. படத்தின் கருணை அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. இயக்குநர் பிரான்ஸ் ஆஸ்டன் ஜெர்மானியர். அதே ஆண்டில் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். பிறப்பால் தாழ்ந்தவர் என்று எவருமில்லை என்பது இந்தப் படத்தை எடுத்தவர்கள் எல்லாருக்கும் பொதுவான நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பாட்டில் நிலைமை வேறு. பின்னணிப் பாடல் 1935இல் கல்கத்தாவில் வந்துவிட்டது என்றாலும் இன்னும் வழக்கமாகவில்லை. நடிப்பவர்களே பாட வேண்டும். அசோக் குமார் அதற்குச் சற்று முன்புவரை ஸ்டூடியோவின் லேபரட்டரியில் வேலை பார்த்தவர். தேவிகா ராணியும் பாடகி அல்ல. இசையமைத்த சரஸ்வதி தேவி சாஸ்திரீய சங்கீதம் கற்றவர், பாத்கண்டேயிடம் பயின்றவர். தன் வித்வத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த இரு குரல்களுக்கும் எட்டுகிற சில ஸ்வரங்களுக்குள் சின்னச் சின்ன அடிகளாக மெட்டமைத்தார். இருவரும் மாறிமாறிப் பாடுகிறார்கள். ஒருவருக்கு அரிய சங்கதி, மற்றவருக்கு எளியது என்று பிரிவினை இல்லை. கதை தராத சமத்துவம் சில நிமிஷங்களுக்கு இங்கே கிடைக்கிறது, யாரும் யாருக்காகவும் சாகாமல்.

சரஸ்வதி தேவி என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அல்ல. அவர் குர்ஷித், ஒரு பார்சிப் பெண். 1935இல் 'ஜவானி கி ஹவா'வில் அவரும் அவர் தங்கையும் சேர்ந்தபோது, தங்கள் சமூகப் பெண்கள் சினிமாவுக்குப் போவதா என்று பார்சிகள் கொதித்தார்கள். ஸ்டூடியோ இருவருக்கும் இந்துப் பெயர் சூட்டியது. தங்கை சந்திரபிரபா ஆனார். பிறந்த சமூகம் மனிதரை எப்படிப் பிடித்து வைக்கிறது என்று ஊருக்குச் சொன்ன படத்துக்கு, தன் பிறப்பை மறைத்துக்கொண்ட ஒருத்தி இசையமைத்திருக்கிறார். அவர் பட்டதும் கஸ்தூரி பட்டதும் ஒன்றல்ல. ஒரு பார்சிப் பெண்ணுக்குப் பெயரை மாற்றிக்கொண்டு தப்ப வழியிருந்தது. கேட் கீப்பர் மகளுக்கு அதுவும் இல்லை.

சீர்திருத்தப் படம் என்று இதைப் பாராட்டும்போது நாம் பாராட்டுவது அந்தச் சாவைத்தான். எனக்கு அதில் மரியாதை இல்லை. பாட்டில் இருக்கிறது.