கமாம்பேர்: ஒரு பாலாடைக்கட்டியும் அதன் பிறப்புக் கதையும்

பிரான்சின் நார்மண்டி வட்டாரத்தில் உள்ள சிற்றூர் கமாம்பேர். அவ்வூரின் பெயரைத் தாங்கிய, மணமும் சுவையும் மிகுந்த மென்மையான பாலாடைக்கட்டிக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. 1791இல், புரட்சி அரசு கோரிய உறுதிமொழியை ஏற்க மறுத்துத் தலைமறைவான பாதிரியார் ஒருவர், பிரீ வட்டாரச் செய்முறையை மரி அரேல் என்ற பெண்ணுக்குக் கற்பித்தார் என்பதே அது.

ஆவணம் வேறு கூறுகிறது. 1708இல் வெளிவந்த தோமா கொர்னேயின் புவியியல் அகராதி, அருகிலுள்ள விமூத்தியே சந்தைக்குக் கமாம்பேர் பாலாடைக்கட்டி வந்ததைக் குறிக்கிறது. மரி அரேல் பிறந்ததோ 1761இல். அவருடைய வழித்தோன்றல்கள் 19ஆம் நூற்றாண்டில் இத்தொழிலை விரிவாக்கினர் என்பது உண்மை. ஆனால் பெயரும் புகழும் அவருக்கு முந்தியவை.

உள்ளூர்ப் பண்டத்தைத் தேசிய உணவாக்கியவை வேறு காரணிகள்: 1850களில் பாரிசுடன் ஏற்பட்ட இருப்புப்பாதைத் தொடர்பு, 1890 அளவில் வந்த மெல்லிய மரப்பெட்டி, முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட உணவுப் பங்கு. அதன் வெண்ணிற மேற்தோலும் பழமையானதன்று. முன்பு நீலச்சாம்பல் பூத்திருந்த தோல், தேர்ந்தெடுத்த பெனிசிலியம் பூஞ்சை இடப்பட்ட பின்னர், 20ஆம் நூற்றாண்டில்தான் வெளுத்தது.

1926ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் முக்கியமானது. கமாம்பேர் என்பது பொதுப்பெயர், எவரும் எங்கும் பயன்படுத்தலாம் என்று ஓர்லியான் நீதிமன்றம் அவ்வாண்டில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில், தம் வயிற்று நோயை இப்பாலாடைக்கட்டி தீர்த்ததாக நம்பிய அமெரிக்க மருத்துவர் ஜோசப் கினிரிம், மரி அரேலுக்கு நன்றி செலுத்த விமூத்தியேவுக்கு வந்தார். 1928இல் அங்கு அரேலுக்குச் சிலை எழுந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் மில்லரான் அதைத் திறந்துவைத்தார். பெயரின் மீதான உரிமை கைநழுவிய வேளையில், நார்மண்டிக்கு ஒரு தாய் கிடைத்தாள். 1944இல் நேசநாடுகளின் குண்டுவீச்சில் சிலை சிதைந்தது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பாலாடைக்கட்டித் தொழிலாளர்கள் அளித்த நிதியில் புதிய சிலை வந்தது.

1983இல் ‘நார்மண்டிக் கமாம்பேர்’ என்ற நீண்ட பெயருக்கு மட்டும் சட்டப் பாதுகாப்பு கிட்டியது. பால் பச்சையாக இருக்க வேண்டும். தயிர்க்கட்டியை அகப்பையால் அடுக்கடுக்காக அச்சில் இட வேண்டும். அரேலின் கதையைச் சட்டம் பொருட்படுத்தவில்லை. நிலம், பால், செய்முறை ஆகியவற்றையே அது மரபு எனக் கொண்டது. உணவு மரபை ஆராய்வோர் முதலில் கேட்க வேண்டியதும் ‘யார் கண்டுபிடித்தார்’ என்பதன்று. அக்கதை எப்போது, எவருக்குத் தேவைப்பட்டது என்பதே.