பெயரை வெளியிடத் துணிந்த மூன்று பெண்கள்

1891ஆம் ஆண்டில் கல்கத்தாவின் 'பங்கபாசி' இதழ், மருத்துவர் காதம்பினி கங்கூலியின் ஒழுக்கத்தை இழிவுபடுத்தி எழுதியது. அவர் செய்த குற்றமாக அவ்விதழ் கண்டது அதிகமில்லை. பட்டம் பெற்றார், மருத்துவம் பார்த்தார், இரவிலும் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றார், காங்கிரஸ் மாநாட்டு மேடையில் பேசினார். வீட்டினுள் இருந்திருந்தால் எழாத பழி, வெளியே தெரிந்ததனால் எழுந்தது. காதம்பினியும் அவர் கணவர் துவாரகநாத்தும் வழக்குத் தொடர்ந்தனர். இதழாசிரியர் மகேஷ்சந்திர பாலுக்கு 100 ரூபாய் தண்டமும் 6 மாதச் சிறையும் விதிக்கப்பட்டன.

பொதுவாழ்வில் தலைமை ஏற்கும் பெண்ணை நோக்கி இன்றும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: இவர் பணி செய்கிறாரா, தம்மைப் பறைசாற்றிக்கொள்கிறாரா? இக்கேள்வி புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில், இந்தியாவில் பெண்கள் முதன்முதலாகப் பட்டதாரிகளாகவும் மருத்துவர்களாகவும் நிறுவனத் தலைவர்களாகவும் வந்தபோதே இது கூர்மையாக எழுந்துவிட்டது. அதற்கு மூன்று பெண்கள் தம் வாழ்வால் தந்த விடைகள் ஒன்றுபோல் இல்லை.

விடைகளை எடைபோட ஒரு பழைய அளவுகோல் தமிழில் இருக்கிறது. தற்புகழ்ச்சி குற்றம் என்பதே நம் மரபின் பொதுவிதி. ஆயினும் பவணந்தி முனிவரின் நன்னூல், புலவர்க்கு நான்கு இடங்களில் அதற்கு விலக்கு அளிக்கிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தம் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி பழித்த இடத்திலும் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது தகும் என்பது அதன் கருத்து. பெண்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதியன்று அது. எனினும் அந்த நான்கு நிலைகளிலும் ஓயாமல் நிறுத்தப்பட்டவர்கள், பொதுவெளிக்கு வந்த முதல் தலைமுறைப் பெண்களே.

முதலாமவர் பம்பாயைச் சேர்ந்த ருக்மாபாய். 1864இல் பிறந்தவர்; 11 வயதில் தாதாஜி பிகாஜி என்பவருக்கு மணம் முடிக்கப்பட்டார். கணவர் வீட்டுக்குச் செல்லாமல், தாயுடனும் தாயின் மறுமணக் கணவரான மருத்துவர் சகாராம் அர்ஜுனுடனும் வாழ்ந்தார். 1884இல் தாதாஜி தம் மனைவியைத் தம்மிடம் சேர்ப்பிக்கக் கோரி நீதிமன்றம் சென்றார். வழக்கு விசாரணைக்கு வருமுன், 1885இல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' இதழில் குழந்தை மணத்தின் கொடுமையைக் குறித்து ஒரு கடிதம் வெளிவந்தது. அதன் கீழே பெயர் இல்லை. 'ஓர் இந்துப் பெண்மணி' என்று மட்டும் இருந்தது. எழுதியவர் ருக்மாபாய். தம் துயரத்தைப் பொருளாக்கியபோதும் தம் பெயரைப் பொருளாக்க அவர் விரும்பவில்லை.

ஆனால் வழக்கு அவர் பெயரை வீதிக்குக் கொண்டுவந்தது. 1885 செப்டம்பரில் நீதிபதி பின்ஹி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டு, 1887 மார்ச்சில், கணவருடன் சென்று வாழ வேண்டும், இல்லையேல் 6 மாதச் சிறை என்று நீதிபதி ஃபாரன் ஆணையிட்டார். சிறை செல்ல அணியமாக இருப்பதாக ருக்மாபாய் அறிவித்தார். கணவர் தம் தரப்பை அச்சிட்டு வெளியிட்டபோது, அதற்கு மறுமொழியைத் தம் பெயரிலேயே அச்சில் தந்தார். பெயரை மறைத்து எழுதியபோது பொதுக் கருத்தைச் சொன்னார். பெயரைச் சொல்லி எழுதியபோது பழிக்கு விடை சொன்னார். இரண்டுக்கும் இடையே இருந்தது புகழாசையன்று, தேவை. 1888இல் 2000 ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி தம் உரிமையைக் கைவிட்டார். வழக்கு எழுப்பிய விவாதம், 1891ஆம் ஆண்டின் இசைவு வயதுச் சட்டத்துக்கு வழிகோலிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

இரண்டாமவர் பண்டித ரமாபாய். அவரது சிக்கல் வேறு. உயர்சாதி விதவைகளுக்கு ஒரு பள்ளி தொடங்க அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. 1886இல், உறவினரான ஆனந்திபாய் ஜோஷி மருத்துவப் பட்டம் பெறும் விழாவுக்காக அமெரிக்கா சென்ற அவர், அங்கேயே தங்கி ஊர் ஊராகப் பேசினார். 1887இல் உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். முன்பின் அறியாத மக்களிடம் பொருள் கேட்பவர், தாம் யார் என்று சொல்லாமல் இருக்க இயலாது. கேட்போர் ஆர்வம் கொண்டதும் அவர் வாழ்க்கைக் கதையில்தான். காட்டில் பிறந்தது, பஞ்சத்தில் பெற்றோரை இழந்தது, கல்கத்தாவின் அறிஞர்கள் 'பண்டிதை' என்றும் 'சரஸ்வதி' என்றும் பட்டம் அளித்தது எனக் கதைக்குக் குறைவில்லை.

அந்த நூலின் அமைப்பைக் கவனித்தால் ஒன்று புலப்படும். ரமாபாயின் வாழ்வைச் சொல்வது, பென்சில்வேனியப் பெண்கள் மருத்துவக் கல்லூரித் தலைவர் ரேச்சல் பாட்லி எழுதிய முன்னுரையே. ரமாபாய் எழுதிய இயல்களில் முன்னிற்பவை குழந்தை மணமும் விதவை நிலையும் சட்டமும். யாத்திரைத் தலமொன்றில் ஒன்பது வயதுச் சிறுமியை முன்பின் அறியாத ஒருவருக்குத் தந்தை மணம் செய்து கொடுத்த நிகழ்ச்சியை ஓரிடத்தில் விவரிக்கிறார். அச்சிறுமி தம் தாய் என்று அங்கே சொல்லவில்லை. தம் கதை சான்றாகப் பயன்படலாம், காட்சிப் பொருளாகக் கூடாது என்ற எல்லைக்கோடு அதில் தெரிகிறது. நூலின் வருவாயும் பள்ளிக்கே சென்றது. பாஸ்டனில் அமைந்த ரமாபாய் சங்கம் பத்தாண்டுகளுக்கு உதவ முன்வந்தது. 1889 மார்ச்சில் பம்பாயில் சாரதா சதன் திறக்கப்பட்டது.

எனினும் எல்லைக்கோடு மட்டும் அவரைக் காக்கவில்லை. பள்ளி புணேவுக்கு மாறிய பின், மாணவியர் கிறித்தவத்தின்பால் ஈர்க்கப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. திலகரின் 'கேசரி' கடுமையாக எழுதியது. 1893இல் ரானடே, பண்டார்கர் முதலியோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். அவ்வையத்துக்கு அவர்கள் சொன்ன காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. பொதுப்பணத்தில் நடக்கும் பணி கேள்விக்கு உட்பட்டதே. வெளியே தெரிபவர் ஏற்க வேண்டிய கடன் அது. தம்மை மட்டும் பறைசாற்றுபவருக்குப் பார்வையாளர் போதும். பணியை வெளிக்காட்டுபவர் கணக்குக் கேட்பவரையும் எதிர்கொள்ள வேண்டும்.

மூன்றாமவர், தொடக்கத்தில் கண்ட காதம்பினி. சந்திரமுகி பாசுவுடன் சேர்ந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரியானவர். 1886இல் வங்க மருத்துவக் கல்லூரியின் பட்டயம் பெற்றார். 1888இல் லேடி டஃபரின் மகளிர் மருத்துவமனையில் 300 ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தார். தனியே மருத்துவம் பார்ப்பதாக இதழில் விளம்பரமும் செய்தார். மருத்துவச்சியை மட்டுமே கண்டிருந்த ஊரில், பெண்ணொருவர் மருத்துவர் என்பதைச் சொல்லாமல் யாரும் அறியப்போவதில்லை. தம் ஆற்றல் உணராதவர் நடுவில் சொல்லிக்கொள்ளலாம் என்ற விலக்கு இதற்கே பொருந்தும். அவர் பட்டயத்தைக் குறைவாக மதித்தவர்களுக்கு அவர் அளித்த விடை இன்னும் உறுதியானது. 1893இல் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு ஸ்காட்லாந்து சென்று, மூன்று மருத்துவ உரிமங்களைப் பெற்றுத் திரும்பினார்.

மூவரையும் ஒருங்கே நோக்கினால் வேறுபாடு தெளிவாகிறது. தன்விளம்பரம் பார்ப்பவரின் கண்ணை ஆளிடத்தே நிறுத்திவிடும். மெய்யான வெளித்தெரிதல் கண்ணை ஆளின் வழியே பணிக்கு இட்டுச்செல்லும். ருக்மாபாயின் கையொப்பம் ஒரு சட்டக் கேள்விக்கும், ரமாபாயின் மேடை ஒரு பள்ளிக்கும், காதம்பினியின் விளம்பரம் ஒரு நோயாளியின் கட்டிலுக்கும் இட்டுச்சென்றன. பட்டத்தைச் சரிபார்க்கலாம், பள்ளிக்குள் நுழைந்து பார்க்கலாம், வழக்கின் ஆவணத்தைப் படிக்கலாம். சரிபார்க்கத் தக்கதைச் சொல்வது தற்புகழ்ச்சியாகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அடக்கமே அழகு என்று ஒதுங்கியிருப்பதற்கும் விலை இருக்கிறது. காதம்பினி தம்மைப் பற்றி எழுதி வைத்தது ஏறத்தாழ ஒன்றுமில்லை. இன்று அவரை அறிவதெல்லாம் பிறர் சொல்லால்தான். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1888இல் எழுதிய கடிதம் ஒன்று. அவதூறு வழக்கின் செய்தி ஒன்று. உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரியின் மகள் புண்யலதா சக்ரவர்த்தியின் இளமை நினைவுகள் ஒன்று. நோயாளிகளைப் பார்க்க வண்டியில் செல்லும்போதுகூட அவர் விரல்கள் நுண்ணிய சரிகைப் பின்னல் பின்னிக்கொண்டிருந்தன என்பதை அந்நினைவுகளே காத்துத் தந்தன. எந்த அறுவை மருத்துவத்தை எப்படிச் செய்தார், மருத்துவமனையில் எவரோடு எதற்காக முரண்பட்டார் என்பவற்றை அவரது சொல்லில் கேட்க வழியில்லை. ருக்மாபாயும் 1895 முதல் சூரத்திலும், பின்னர் ராஜ்கோட்டிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவராகப் பணியாற்றினார். மக்கள் நினைவில் நிற்பதோ அவர் இளமையில் நடந்த நான்காண்டு வழக்கு மட்டுமே.

பழித்தவர்களின் எழுத்து அச்சில் இருக்கிறது. பழிக்கப்பட்டவர்களின் அன்றாடப் பணி பெரும்பாலும் எழுதப்படாமலே போயிற்று. ஆகவே தலைமைப் பொறுப்பில் இருக்கும் பெண் தாம் செய்ததைத் தம் பெயரோடு பதிவு செய்வதைச் செருக்கு என்று ஒதுக்கும்முன், அப்பதிவு இல்லாவிடில் அவ்விடத்தை யாருடைய சொல் நிரப்பும் என்று எண்ணிப் பார்ப்பது நன்று. கல்கத்தாவில் 1891இல் அவ்விடத்தை நிரப்பியது 'பங்கபாசி'.