துணையிலாப் பயணமும் தந்திக் கம்பியும்

ஆஸ்திரேலியக் கண்டத்தின் தென்விளிம்பில், கடல் உள்வளைந்து கிடக்கும் பெருவளைகுடாவை ஒட்டி, நல்லர்போர் என்னும் சுண்ணாம்புக்கல் சமவெளி விரிந்து கிடக்கிறது. ‘மரம் ஏதுமில்லை’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களால் அமைந்த பெயர் அது. அதன் ஒரு பகுதியில் 60 முதல் 120 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறைகளோடு நிலம் சட்டென்று முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே அண்டார்க்டிகா வரை கடல்தான். காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. பெய்யும் சிறு மழையையும் சுண்ணாம்புக்கல் உறிஞ்சிக்கொள்வதால் ஆறும் ஓடையும் கிடையா. நெய்தலையும் பாலையையும் வேறுவேறு நிலங்களாகப் பயின்ற நமக்கு, அலையோசை கேட்டுக்கொண்டே நாவறண்டு சாகக்கூடிய இக்கரையை எத்திணையில் வைப்பது என்னும் தயக்கம் எழுவது இயல்பே.

1896 நவம்பர் 24 அன்று ஆர்தர் ரிச்சர்ட்சன் என்னும் 24 வயது இளைஞர் மேற்கே கூல்கார்டியிலிருந்து மிதிவண்டியில் தனியாகப் புறப்பட்டார். கையில் ஒரு சிறு மூட்டையும் தண்ணீர்ப் பையும் மட்டுமே. அது கடுங்கோடை, தென்கிழக்குக் காற்று கிழக்கு நோக்கிச் செல்பவரின் முகத்தில் மோதும் பருவம். 31 நாட்களில் அவர் அடிலெய்டை அடைந்தார். மிதிவண்டியில் நல்லர்போரைக் கடந்த முதல் மனிதர் அவரே.

மிதிவண்டி அன்று விளையாட்டுப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. 1892-இல் கூல்கார்டியில் தங்கம் கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. 1903-இல் குழாய்வழி நீர் வந்து சேரும்வரை அங்கு நீர் விலைப்பொருள். குதிரைக்கு நீரும் தீவனமும் வேண்டும். மிதிவண்டிக்கு இரண்டும் வேண்டா. ஆகவே கடிதங்களும் செய்திகளும் சக்கரத்தில் ஏறின.

ரிச்சர்ட்சன் அத்துடன் நிற்கவில்லை. 1899 ஜூன் 5 அன்று பெர்த்திலிருந்து வடக்கே கிளம்பிக் கண்டத்தையே சுற்றிக்கொண்டு 1900 பிப்ரவரி 4 அன்று திரும்பினார். ஏறத்தாழ 11,500 மைல், எட்டு மாதங்கள். டொனால்ட் மக்கே உள்ளிட்ட மூவரும் அதே காலத்தில் இதே முயற்சியில் இறங்கியிருந்தனர். முந்தி முடித்தவர் தனியாகச் சென்றவரே. டன்லப் டயர் நிறுவனம் அந்தப் பயணத்தை 1900-இல் சிறு நூலாகவே வெளியிட்டது.

‘தனியாக’ என்னும் அச்சொல்லைத்தான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டியுள்ளது.

1896-இல் ரிச்சர்ட்சனுக்கு வழிகாட்டியது தந்திக் கம்பி. மேற்கு ஆஸ்திரேலியாவையும் தெற்கு ஆஸ்திரேலியாவையும் இணைத்த அக்கம்பித் தடம் 1877-இல் நிறைவுற்றது. இரண்டும் அன்று தனித்தனிக் குடியேற்ற நாடுகள். எல்லையை ஒட்டிய யூக்ளா நிலையத்தில் இரு அரசுகளின் ஊழியரும் ஒரு மேசையின் இருபுறமும் அமர்ந்து செய்திகளைக் கைமாற்றினர். சாலையற்ற வெளியில் கம்பத்தைத் தொடர்ந்து சென்றால் திசை தவறாது. நிலையத்தை எட்டினால் நீரும் மனித முகமும் உண்டு.

அந்த நிலையங்களுள் ஒன்றின் பெயர் ஏர். 1841-இல் எட்வர்ட் ஜான் ஏர் இக்கரையைக் கடந்தபோது, பல நாள் நீரின்றித் தவித்தபின் நீர் கண்ட மணல்மேட்டருகே எழுந்தது அது. மணலைத் தோண்டி ஊற்றெடுக்கும் நுட்பம் ஏர் கண்டுபிடித்ததன்று. வளைகுடாவின் தலைப்பகுதியில் அவருக்கு ஊற்றுகளைக் காட்டியவர்கள் அந்த மண்ணின் பழங்குடியினர். யூக்ளா கரை மிர்னிங் மக்களின் தாயகம். ஏரின் வெள்ளையர் துணைவர் பாக்ஸ்டர் ஏப்ரலில் கொல்லப்பட்டார். அதன்பின் ஜூலையில் ஆல்பனியை அடையும்வரை உடன்வந்தவர் வைலி என்னும் பழங்குடி இளைஞர். பழங்குடியினரின் ஊற்று, ஏரின் வழி, அரசின் தந்தி நிலையம், ரிச்சர்ட்சனின் சக்கரம் என்று வரிசைப்படுத்தினால் தனிமை எங்கே தொடங்குகிறது?

ரிச்சர்ட்சனின் துணிவை இது குறைக்காது. பழுதான சக்கரத்தைச் சரிசெய்ய அவ்வெளியில் இரண்டாவது கை இல்லை. ஆயினும் கதையில் பெயர் பெற்றது மிதித்தவரும் டயரும்தாம். ஊற்றைக் காத்தவர்கள் பெயரற்றுப் போனார்கள். வரலாறு எழுதுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

1890-களில் பெருகிய முயல்கள் மணல்மேடுகளின் புல்பூண்டுகளைத் தின்று தீர்த்தன. பிடிப்பிழந்த மணலைக் காற்று நகர்த்தியது. 1927-இல் தந்தித் தடம் உள்நாட்டு இருப்புப்பாதையோரம் மாற்றப்பட்டது. போர்க்காலத்தில், 1941-42-இல், அமைந்த நெடுஞ்சாலைக்கு ஏரின் பெயரே சூட்டப்பட்டது. 1976-இல் அது முழுவதும் தார்ச்சாலையாயிற்று. இன்று அவ்வழியே மிதிவண்டியில் தனித்துச் செல்வோர் உண்டு. சாலையிலிருந்து சற்றே விலகிக் கடல் பக்கம் போனால், மணலில் பாதி புதைந்த யூக்ளா நிலையத்தின் கற்சுவர்களை அவர்கள் காணலாம்.